உருகிய சாட்சி

“ஃப்யூயல் – ஆன். பிரேக் – ஆஃப். கார்ப் ஹீட் – ஹாட். பெல்ட் – டைட்.”

பள்ளிக்கூடத்தில் பதினாறாம் வாய்ப்பாட்டை ஒப்பித்ததுபோல இந்த நான்கு வரிகளை நான் ஒப்பித்துக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. பஸ்ஸில் சொல்வேன், குளிக்கும்போது சொல்வேன். தூக்கத்தில்கூடச் சொன்னதாக அம்மா சொல்லியிருக்கிறாள். விமானத்தை இறக்குவதற்கு முன் விமானி சரிபார்க்க வேண்டியவை இவை. இதில் மூன்றாவது வரியை ஒருநாள் என் வாய் மட்டும் சொன்னது, கை செய்யவில்லை. அதனால் ஒரு விமானம் போயிற்று. உள்ளே இருந்த இரண்டு பேர் பிழைத்தோம். அதற்கு நான் காரணமில்லை, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் காரணம்.

1970களின் கடைசி அது. எனக்குப் பத்தொன்பது வயது. தமிழ்நாட்டில் ஒரு பறக்கும் கழகத்தில் மாணவனாகச் சேர்ந்திருந்தேன். கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு என்று நம் பக்கத்தில் பல இடங்களில் ஓடுபாதைகள் போட்டார்கள். போர் முடிந்ததும் அவற்றில் பலவற்றை ஆடுகளும் எருக்கஞ்செடிகளும் எடுத்துக்கொண்டன. நாங்கள் பயிற்சி எடுத்ததும் அப்படிப்பட்ட ஒரு பாதையில்தான். ஒரு தகரக் கொட்டகை, கம்பத்தில் ஒரு காற்றுப் பை, சுற்றிலும் நெல் வயல், வரப்புகளில் பனைமரம். அவ்வளவுதான் எங்கள் விமான நிலையம்.

எங்களிடம் இருந்தது புஷ்பக். கம்பன் பாடிய புட்பக விமானத்தின் பெயரை வைத்து, பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் கட்டிய சின்னஞ்சிறு பயிற்சி விமானம். முதல் புஷ்பக் 1958 செப்டம்பர் 28 அன்று பறந்தது. வடிவம் அதற்கும் பழையது. 1945-ல் அமெரிக்காவில் வந்த ஏரோன்கா சீஃப் என்ற விமானத்தின் வழி வந்தது. எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த கூடு, அதன்மேல் இழுத்துக் கட்டி, டோப் என்ற பூச்சைப் பூசிய துணி, தலைக்கு மேலே இறக்கை, அருகருகே இரண்டு இருக்கை, முன்னால் 90 குதிரைத்திறன் கொண்ட கான்டினென்டல் எஞ்சின். வால் பக்கம் ஒரு சின்னச் சக்கரம். நாடு முழுவதும் பறக்கும் கழகங்களுக்கென்று ஏறக்குறைய 160 புஷ்பக்குகளைக் கட்டினார்கள். ஒரு தலைமுறை இந்திய விமானிகள் அதில்தான் வானத்தைத் தொட்டார்கள்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் டோப்பின் வாசனை அடிக்கும். நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்தால் வருமே, அதே நெடி, பத்து மடங்கு. இன்றைக்கும் எங்கேயாவது அந்த வாசனை வந்தால் நான் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறேன்.

சொல்லிக்கொடுத்தவர் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் ‘சார்’. எங்களை ‘தம்பி’ என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தரையில் இருக்கும்போது வெற்றிலை போடுவார். விமானத்தில் ஏறுவதற்கு முன் வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் ஏறுவார். கோயிலுக்குள் போகிறவரைப் போல.

அது மார்கழி. விடிந்தும் விடியாத நேரத்தில் கொட்டகையிலிருந்து விமானத்தைத் தள்ளிக்கொண்டு வந்தோம். ராத்திரி பெய்த பனி இறக்கைத் துணியில் முத்து முத்தாக நின்றது. மெக்கானிக் அண்ணன் பழைய வேட்டியால் துடைத்துப் பிழிந்தார், தண்ணீர் கொட்டியது. தொட்டியின் அடியிலிருந்து பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் குமிழாகத் தங்கும். தங்கவில்லை. “சுத்தம்,” என்றார். பிறகு விசிறியைப் பிடித்துக்கொண்டு “ஸ்விட்ச் ஆஃப்?” என்று கேட்க, நான் “ஆஃப்” என்றேன். நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, “கான்டாக்ட்!” நானும் “கான்டாக்ட்” என்று சொல்லி ஸ்விட்சைப் போட, ஒரே இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்த விமானத்துக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் கிடையாது. மனிதர் கைதான் எழுப்ப வேண்டும்.

இன்னும் இரண்டொரு நாளில் என்னைத் தனியாக அனுப்பப் போகிறார் என்று பேச்சிருந்தது. சோலோ! அந்தச் சொல்லை நினைத்தாலே வயிற்றுக்குள் ஏதோ புரளும். அன்று மூன்று சுற்று. மேலே போய், ஓடுபாதைக்கு இணையாகத் திரும்பி, மறுபடி திரும்பி இறங்க வேண்டும். முதல் இரண்டும் பூப்போல அமைந்தன. சார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அதுதான் பாராட்டு.

மூன்றாவது சுற்றில் ஓடுபாதைக்கு இணையாக வந்துகொண்டிருந்தோம். கீழே வயல்களின் மேல் பனிமூட்டம் பால் கொட்டினதுபோலப் படர்ந்திருந்தது. நான் ஆரம்பித்தேன். “ஃப்யூயல் – ஆன். பிரேக் – ஆஃப்.” அப்போது முன்னால், கொஞ்சம் இடப்பக்கமாக, ஒரு பருந்து. கழுத்தில் வெள்ளை தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில். கார்ப் ஹீட் குமிழை நோக்கிப் போய்க்கொண்டிருந்த என் கை திரும்பி அதைச் சுட்டிக்காட்டியது. சாரும் அந்தப் பக்கம் பார்த்தார். பருந்து சிறகை மடக்கிக் கீழே விழுந்து விலகிப் போயிற்று. என் வாய் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. “கார்ப் ஹீட் – ஹாட். பெல்ட் – டைட்.”

பிறகு த்ராட்டிலை இழுத்து எஞ்சினைத் தணித்தேன். விமானம் மிதந்து இறங்கத் தொடங்கியது. பருந்தைப் பார்த்த பரபரப்பில் திரும்புகிற இடத்தைக் கொஞ்சம் தாண்டிவிட்டேன். அதனால் ஓடுபாதைக்கு நேராக வந்தபோது தூரம் அதிகம், உயரம் குறைவு. முந்நூறு அடிதான் இருக்கும்.

“கொஞ்சம் பவர் கொடு தம்பி,” என்றார் சார்.

த்ராட்டிலைத் தள்ளினேன். எஞ்சின் சீறவில்லை. தொண்டையில் ஏதோ சிக்கிய கிழவரைப்போல இரண்டு முறை இருமியது. முழுக்கத் தள்ளினேன். இருமலும் நின்றது. விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் எஞ்சின் அதைச் சுற்றவில்லை, எதிர்க்காற்று சுற்றியது. இறக்கைக் கம்பிகளில் காற்று உரசும் ‘ஸ்ஸ்’ சத்தத்தை அதுவரை நான் கேட்டதில்லை. எஞ்சின் இரைச்சலுக்குக் கீழே அது எப்போதும் இருந்திருக்கிறது.

“ஐ ஹேவ் கண்ட்ரோல்.”

அவ்வளவுதான் சொன்னார். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் செய்தித்தாள் கேட்கிற குரல். அவருடைய வலக்கை விமானத்தை வாங்கிக்கொண்டது. இடக்கை நேராக கார்ப் ஹீட் குமிழுக்குப் போனது. அது உள்ளே இருந்தது. வெளியே இழுத்தார். அந்த அரை நொடியை நான் பார்த்தேன். நான் பார்த்தது அவருக்கும் தெரியும்.

அடுத்து அவர் செய்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. விமானத்தின் மூக்கைக் கீழே இறக்கினார். தரை எதிரே எழும்பி வரும்போது மூக்கை மேலே தூக்கத்தான் கை துடிக்கும். ஓடுபாதை கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, இன்னும் கொஞ்சம் இழுத்தால் எட்டிவிடலாம் என்று மனம் கெஞ்சும். அப்படி இழுத்தால் வேகம் குறையும். ஒரு கட்டத்தில் இறக்கை தாங்கும் சக்தியை இழந்து, விமானம் கல்லைப்போல விழும். எஞ்சின் இல்லாத புஷ்பக் முந்நூறு அடியிலிருந்து அரை மைலுக்கும் குறைவாகத்தான் மிதந்து போகும். ஓடுபாதையின் முனை அதற்கு அப்பால் இருந்தது. சார் ஓடுபாதையை விட்டுவிட்டார். அதை அடைய முடியாது என்று அந்த ஒரு கணத்தில் ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதல் எவ்வளவு பெரிய காரியம் என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

இரண்டு பனைகளுக்கு நடுவில் புகுந்தோம். கதிர் முற்றிச் சாய்ந்திருந்த நெல் வயல். மிக மெல்ல, வால் பக்கம் தாழ, கதிர்களின் தலையை வருடிக்கொண்டு இறங்கினார். சக்கரங்கள் சேற்றைத் தொட்டதும் யாரோ காலைப் பிடித்து இழுத்ததுபோல இருந்தது. வால் மேலே எழுந்தது. வானம் காலடிக்கு வந்தது. பிறகு ஒரு பெரிய ‘டப்’.

தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தோம். மூக்கில் சேறு, பெட்ரோல் வாடை, எங்கேயோ சொட்டுச் சொட்டாக எதுவோ விழும் சத்தம்.

“ஸ்விட்சை அணைச்சாச்சு. அவசரப்பட்டு பெல்ட்டைக் கழட்டாதே. ஒரு கையைக் கூரையில ஊன்றிக்கிட்டுக் கழட்டு. கழுத்து பத்திரம்,” என்றார் சார். அவர் நெற்றியில் ரத்தம் மேல்நோக்கி ஓடி முடிக்குள் போய்க்கொண்டிருந்தது. தலைகீழாக இருந்ததால் அப்படித் தெரிந்தது.

வெளியே தவழ்ந்து வந்தபோது ஊரே ஓடி வந்துகொண்டிருந்தது. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் கோலமாவு கையோடு வந்தார்கள். வயலுக்குச் சொந்தக்காரரான பெரியவர் சாய்ந்து கிடந்த தன் நெல்லை ஒரு பார்வை பார்த்தார், அடுத்த பார்வையில் எங்களைத் தூக்கி வரப்பில் உட்காரவைத்தார். ஒரு பாட்டி முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றை அவிழ்த்து இரண்டு பேர் நெற்றியிலும் பூசினாள். “யாரு பெத்த புள்ளைங்களோ! தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சு,” என்றாள். சாரின் காயத்தின் மேலேயே திருநீறு பட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுத்தார்.

என்ன நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஊசி போடும் முன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தேய்த்தால் அந்த இடம் சில்லென்று ஆகும். ஸ்பிரிட் ஆவியாகும்போது உங்கள் தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கார்புரேட்டருக்குள் நடப்பதும் அதுதான். பெட்ரோல் காற்றில் கலந்து ஆவியாகும்போது அங்கே வெப்பம் சட்டென்று இறங்கும். குறுகிய வழியில் காற்று விரைந்து போவதால் இன்னும் கொஞ்சம் இறங்கும். இரண்டும் சேர்ந்து 20 டிகிரி வரை, சில வேளை அதற்கு மேலும் குளிர்ந்துவிடும். வெளியே இருபது, இருபத்தைந்து டிகிரி இதமான காலையாக இருக்கலாம். காற்றில் ஈரம் மட்டும் மிகுந்திருந்தால் கார்புரேட்டருக்குள் ஐஸ் பிடிக்கும். நம் ஊர் மார்கழிக் காலை அதற்கென்றே செய்தது போன்ற காலை.

த்ராட்டிலை இழுத்து எஞ்சினைத் தணிக்கும்போதுதான் ஆபத்து அதிகம். காற்று போகும் வழியில் இருக்கும் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும். அதன் விளிம்பில் ஐஸ் கொஞ்சம் படர்ந்தாலே வழி அடைபடும். மிதந்து இறங்குகிற நேரத்தில் எஞ்சினிடம் நாம் எதையும் கேட்பதில்லை. அதனால் அது சொல்லவும் சொல்லாது. கேட்கும்போது அதனால் தர முடியாது. இதற்காகத்தான் அந்தக் குமிழ். அதை இழுத்தால், எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றியிருக்கும் தகர உறை வழியாகச் சூடான காற்று கார்புரேட்டருக்குள் வரும். த்ராட்டிலைக் குறைப்பதற்கு முன்பே இழுக்க வேண்டும். எஞ்சின் தணிந்து எக்ஸாஸ்ட் ஆறிய பிறகு இழுத்தால் சூடு போதாது. சார் இழுத்தபோது காலம் கடந்திருந்தது.

இந்த விபத்தில் ஒரு வினோதம் உண்டு. ஐஸ்தான் குற்றவாளி. ஆனால் விமானம் விழுந்த சில நிமிஷங்களில், எஞ்சின் சூட்டிலேயே, அது உருகித் தண்ணீராகிவிடும். மூன்றாம் நாள் விசாரணை அதிகாரி வந்தார். எஞ்சினைக் கழற்றிப் பார்த்தார்கள். பெட்ரோல் சுத்தம். பிளக்குகள் சரி. மேக்னெட்டோக்கள் சரி. கார்புரேட்டரில் ஒரு குறையும் இல்லை. கார்ப் ஹீட் குமிழ் வெளியே இழுத்த நிலையில் இருந்தது. அதைக் குறித்துக்கொண்டார். அதாவது, உண்மையான சாட்சி உருகிப் போயிற்று. மிச்சமிருந்த சாட்சி எங்களுக்காகப் பொய் சொன்னது.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள்.

“இறங்கும் முன் செக் எல்லாம் செய்தாயா?”

“செய்தேன் சார்.”

“கார்ப் ஹீட்?”

“ஹாட் என்று சொன்னேன் சார்.”

அதிகாரி எழுதிக்கொண்டார். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சொன்னேன், அது நிஜம். ஆனால் அந்த நிஜத்தின் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். வெளியே வந்தபோது சார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், நெற்றியில் பிளாஸ்திரி. என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எழுந்து உள்ளே போனார்.

கொட்டகையின் தகரச் சுவர் மெல்லியது. அவர் சொன்னது எனக்குக் கேட்டது. “குமிழ் இப்போ வெளியே இருக்கு. அது எஞ்சின் போன பிறகு நான் இழுத்தது. போனப்போ அது உள்ளேதான் இருந்தது. கார்புரேட்டர் ஐஸ். விமானத்துக்குப் பொறுப்பு நான். பையன் சொன்னதைக் காதால கேட்டேன், கண்ணால பார்க்கலை. அது என் தப்பு. அப்படியே எழுதுங்க.”

அதிகாரி ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். ‘காரணம் தெரியவில்லை’ என்று முடித்துவிடலாமே என்பதுபோல. சார் சொன்னார்: “அப்படி எழுதினா, அடுத்த மார்கழியில இன்னொரு பையன் இதே மாதிரி விழுவான். அவனுக்கு நெல் வயல் கிடைக்குமோ, கிணறு கிடைக்குமோ.”

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. மறுநாள் காலை அதிகாரி கிளம்புவதற்கு முன் போய் நின்றேன். “நேற்று நான் சொன்னதில் ஒரு வரி சேர்க்க வேண்டும் சார். ஹாட் என்று சொன்னேன். இழுக்கவில்லை.” அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். என் கையாலேயே எழுதினேன். எழுதி முடித்ததும் மூன்று நாளாக மார்பில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போயிற்று.

சாரைச் சில வாரங்கள் சொல்லிக்கொடுக்கக் கூடாதென்று நிறுத்தி வைத்தார்கள். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தை பிறந்து அறுவடை முடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போனார். பெரியவர் எவ்வளவு கேட்டும் நஷ்டக் கணக்குச் சொல்லவில்லை. சார் தன் கணக்கில் ஒரு தொகையை வெற்றிலைத் தட்டில் வைத்து, அந்தத் திருநீற்றுப் பாட்டி கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

பல வருஷம் கழித்து, 2015 மார்ச்சில், ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு ஓட்டிய பழைய விமானம் விழுந்த செய்தியைப் படித்தேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ரயான் பயிற்சி விமானம். கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா விமான நிலையத்திலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சக்தி இழந்தது. திரும்பி வந்து இறங்கப் பார்த்தார், ஓடுபாதை எட்டவில்லை, ஒரு மரத்தின் உச்சியில் உரசிக்கொண்டு கோல்ஃப் மைதானத்தில் இறங்கினார். பலத்த காயம், ஆனால் உயிர் பிழைத்தார். அங்கேயும் குற்றவாளி கார்புரேட்டர்தான். அதற்குள் பெட்ரோலை அளந்துவிடும் ‘ஜெட்’ என்ற துளைமுனை மறை கழன்று, பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாய்ந்திருந்தது. விசாரணையில் அந்த ஜெட்டைக் கண்டுபிடித்தார்கள். கழன்ற மறை அங்கேயே இருக்கும், யாரும் சொல்லாவிட்டாலும் அது சொல்லும். ஐஸ் அப்படி இல்லை. அங்கே மனிதர் வாய் திறந்தால்தான் உண்டு. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அன்று முழுக்க சாரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் விபத்துக்குப் பின், தடை முடிந்து சார் திரும்பி வந்த முதல் நாள் என்னை இன்னொரு புஷ்பக்கில் உட்காரவைத்தார். எஞ்சின் போடவில்லை. “கண்ணை மூடிக்கோ தம்பி. முதல்ல தொடு. தொட்ட பிறகு சொல்லு,” என்றார். பக்கத்தில் உட்கார்ந்து, என் வாயைக் கவனிக்காமல் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் அப்படியே போயிற்று. பத்து நாள் கழித்து நான் சோலோ போனேன்.

பிறகு நானும் சொல்லிக்கொடுக்கிறவன் ஆனேன். என் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் ஒவ்வொருவரும் அந்த நான்கு வரிகளை என்னைவிடச் சரளமாகச் சொன்னார்கள். சரளம்தான் எனக்குப் பயம். அவர்கள் சொல்லச் சொல்ல, என் கண் அவர்கள் கையைத் தேடும்.

என் முதல் லாக் புக் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த மார்கழிக் காலைக்கு நேராக, ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் சார் வழக்கமாக எழுதும் ஆங்கிலம் இல்லை. நீல மையில், தமிழில், இரண்டே சொற்கள், கீழே அவர் கையெழுத்து: ‘கை முதலில்.’